மறு: கம்பி வலை வேண்டாம், பாவும் ஊடையும் இருக்கட்டும்

> கம்பி வலை என்றே போட்டுவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

(தறியில் நெய்த கம்பி வலைக்கும் அதைச் சார்ந்தவற்றுக்கும் நம் பட்டியலில் தமிழ்ச் சொல் தேடும் பேச்சுதான் இது.) புரியும்தான், ஆனால் எது என்று புரியும்? கடையில் போய்க் கம்பி வலை என்று கேட்டால் கோழிக்கூண்டுக்கு அடிக்கும் அறுகோண வலையும் வரும், வேலிக்குக் கட்டுவதும் வரும், வெல்டிங் வலையும் வரும். முதலாவது முறுக்கியது, இரண்டாவது சுருள்களை ஒன்றுக்குள் ஒன்று கோத்தது, மூன்றாவது பற்றவைத்தது. எதுவும் தறியில் நெய்ததில்லை. நாம் பெயர் தேடுவது தறியில் நெய்து சுருளாக வரும் சரக்குக்கு, அதனால் என் ஓட்டு 'கம்பித்துணி'க்கு. 'நெய்வலை'யும் மோசமில்லை, ஆனால் நெய் என்றதும் தோசை ஞாபகம் வந்துவிடுகிறது :)

> தறிச் சொற்கள் நூலுக்கு உரியவை. நெடுக்குக் கம்பி, குறுக்குக் கம்பி போதும்.

இதை ஒத்துக்கொள்ள முடியவில்லை. கம்பி நெய்யும் ஆலையில் நடப்பதைப் பாருங்கள்: கண்டு கண்டாக வரும் கம்பிகளை ஒரே விறைப்பில் பாவு (நெடுக்கே ஓடும் கம்பிகள்) உருளையில் சுற்றுகிறார்கள், ஒவ்வொன்றையும் விழுதிலும் (கம்பியைத் தூக்கி இறக்கும் கண்ணி) அப்புறம் சீப்பு போன்ற அச்சின் பல்லிடுக்கிலும் கோக்கிறார்கள், விழுது ஏறி இறங்கிப் பாவு பிரியும்போது நடுவே குறுக்காக ஊடைக் கம்பி ஓடுகிறது, அச்சு வந்து அதை அடித்துச் சேர்க்கிறது. காஞ்சிபுரத்து நெசவாளர் ஒருவரைக் கொண்டுபோய் நிறுத்தினால் பாதி உறுப்புகளுக்கு அவரே பெயர் சொல்லிவிடுவார், நாம் எதற்குப் புதிதாக யோசிக்க வேண்டும்?

வித்தியாசம் பொருளில்தான். நூல் இழுத்தால் கொஞ்சம் நீண்டு கொடுக்கும், கம்பி கொடுக்காது; சில பாவுக் கம்பிகள் மட்டும் தொய்ந்தாலே துணி தட்டையாக உட்காராமல் அலை அலையாக நிற்கும். அடியும் பலமாக விழ வேண்டும், ஏனென்றால் கம்பி வளைந்து உட்காருவதே அந்த அடியில்தான், கண் (கம்பிகளுக்கு இடையிலான ஓட்டை) நகராமல் நிற்பது அந்த வளைவால்தான். அதற்காகவே எஃகுக் கம்பியை முன்கூட்டிச் சூடாக்கி ஆறவிட்டு இளக்கிக்கொள்கிறார்கள். ஜல்லி சலிக்கும் தடித்த கம்பி இதற்கெல்லாம் மசியாது, அதை முதலிலேயே வளைத்துவிட்டுத்தான் நெய்கிறார்கள்.

இன்னொன்று, வெட்டிய துண்டைத் திருப்பிப் பிடித்தால் நெடுக்கு குறுக்காகிவிடும், பாவு எப்படித் திருப்பினாலும் பாவுதான். டச்சு நெசவில் இது முக்கியம். அதில் பாவு தடிமன், ஊடை மெல்லிசு, ஊடைகளை ஒன்றோடொன்று ஒட்ட அடித்திருப்பார்கள். நேரான ஓட்டையே இருக்காது, எண்ணெயோ தண்ணீரோ சாய்வாக நுழைந்துதான் வெளியே வரும். தலைகீழ் டச்சு என்று ஒன்று உண்டு, அதில் பாவு மெல்லிசு, ஊடை தடிமன். பாவு, ஊடை இல்லாமல் இதை விளக்கிப் பாருங்கள். டச்சு நெசவுக்கு 'நெருக்கு நெசவு' என்று வைத்தால் என்ன?

'மெஷ்' விஷயத்தில் ஒரே சொல் போதாது. 100 மெஷ் என்றால் நீளவாக்கில் ஓர் அங்குலத்தில் 100 கண், அவ்வளவுதான். 0.1 மி.மீ. கம்பியில் நெய்தால் ஒரு கண் சுமார் 0.15 மி.மீ., கம்பி தடித்தால் அதே 100 மெஷ்ஷில் கண் சுருங்கிவிடும். ஆகவே எண்ணிக்கைக்கு 'அங்குலக்கண்', அளவுக்குக் 'கண்ணகலம்'. டேவியின் சுரங்க விளக்கை (சுடரைச் சுற்றிக் கம்பித்துணி போட்டது) பற்றி எழுதுபவர்கள் 28 என்றும் 784 என்றும் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள்; முன்னது அங்குலத்துக்கு, பின்னது சதுர அங்குலத்துக்கு.

மிச்சம் இருப்பது, அடியில் கம்பி வளைந்து உட்காருகிறதே, அந்த வளைவுக்கு ஒரு சொல். 'நெளி' என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன், நகைக்கடைக்காரர்கள் மோதிரத்துக்கு ஏற்கெனவே எடுத்துக்கொண்டது. வேறு இருந்தால் சொல்லுங்கள், இல்லையென்றால் இதையே பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.