சைக்கிள் ரேஸ்ல ஆளுகளை எப்படிப் பிரிக்கிறது, வயசு வச்சா வேகம் வச்சா?

அழகர்ரோடு ரைடர்:
வணக்கம் மக்களே, ஞாயித்துக்கிழமை விடியக்காலைல அழகர்கோயில் ரோட்டுல சேந்து ஓட்டுற சின்ன செட்டு நாங்க, இந்த வருசம் சொந்தமா ஒரு ரேஸ் வைக்கலாம்னு இருக்கோம். வெளில ஒரு ரேஸுக்குப் போனப்ப 18ல இருந்து 40 வரைக்கும் மொத்தப் பேரையும் ஒண்ணா கிளப்பி விட்டாய்ங்க, ஸ்டேட் லெவல் ஓட்டுற பயலுக ஆரம்பத்துலயே பிச்சுக்கிட்டுப் போய்ட்டாய்ங்க, மத்தவன்லாம் மிச்ச தூரம் பூரா தனியா எதிர்காத்துல மிதிக்கிறான். அடுத்த தடவை அவன் எப்படி வருவான்? வயசு வச்சுப் பிரின்னு சொல்றாங்க, எனக்கு அது பத்தும்னு தோணல.

ஒத்தக்கடை குமாரு:
பத்தாதுணே. 45 வயசுல 25 வயசுப் பயலுகளக் கழட்டி விடுற ஆளுக நம்ம ஊர்லயே இருக்காங்க. உலக சைக்கிள் சங்கமான யூசிஐல ஜூனியர், அண்டர் 23, எலைட்னு வயசு வச்சுத்தான் பிரிக்கிறாங்க, ஆனா அங்க வர்றவன் ஏற்கெனவே வடிகட்டி வந்தவன். பிரிட்டன்ல பாருங்க, புதுசா வர்றவன் 4வது கேட்டகரில ஆரம்பிச்சு 12 பாயிண்ட் எடுத்தா 3வதுக்குப் போவான், இப்படியே 2, 1, எலைட்னு ஏறணும். நமக்கு வருசத்துக்கு ரெண்டு ரேஸ் நடந்தாலே பெருசு, பாயிண்ட் எங்க சேர்க்க? அதனால ரேஸுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை 10 கிலோமீட்டர் டைம் ட்ரயல் வைங்க, ஒரு நிமிசத்துக்கு ஒருத்தரா விட்டு, வர்ற டைமை வச்சு ஏ, பி, சின்னு பிரிச்சுருங்க. முன்னாடி போற வண்டிக்குப் பின்னாடி ஒட்டி ஓட்டுனா காத்தை அவன் வாங்கிக்குவான், நமக்குக் கால்வாசிக்கு மேல உழைப்பு மிச்சம், அந்தப் பலன் கடைசி வரைக்கும் கிடைக்கணும்னா பக்கத்துல நம்ம வேகத்துக்கு ஆள் வேணும்ல.

பெடல்பாண்டி:
ட்ரயல்ல வேணும்னே மெதுவா மிதிச்சுட்டு சி-ல வந்து கப்பு அடிக்கிறவன என்ன செய்வீங்க? வீட்டுக்குள்ள இருந்தே ஆன்லைன்ல ரேஸ் ஓட்டுற ஸ்விஃப்ட் (Zwift) ஆப்ல, ஒரு கிலோ உடம்பு எடைக்கு எத்தனை வாட்டு சக்தில மிதிக்கிறான்னு பாத்துப் பிரிச்சப்பயும் இதே தொல்லை தான், அப்புறம் ரேஸ் ரிசல்ட்டையும் சேத்து ஸ்கோர் போட ஆரம்பிச்சாங்க. சி-ல ஜெயிச்சா அடுத்த தடவை கட்டாயம் பி-ன்னு எழுதிப் போட்டுருங்க. பணப் பரிசு ஏ-க்கு மட்டும் வைங்க, மத்ததுக்கு மெடல் போதும்.

மதுரைப்பொண்ணு:
அண்ணா, லேடீஸை தயவுசெஞ்சு சி-யோட சேத்து விட்றாதீங்க. நாலு பேர் தான் வந்துருக்காங்கன்னு ஆம்பளைங்க கும்பல்ல தள்ளி விட்டா யாரு வீல் பின்னாடி ஒட்டுனாளோ அவ ஜெயிச்சுருவா, யாரு நல்லா ஓட்டுனான்னே தெரியாது. பத்து நிமிசம் முன்னாடி தனியா விடுங்க, ஆம்பளைங்க வந்து தாண்டுனா அவங்க வீலைப் பிடிக்கக் கூடாதுன்னு ரூல் போடுங்க. நாலு பேர் வந்தாலும் ரேஸ் நடத்துங்க, அப்பத்தான் அடுத்த வருசம் பத்து பேர் வருவாங்க.

மேலூர்க்காரன்:
எல்லாரும் கியர் வண்டிய வச்சே பேசுறீங்க. அண்ணா பிறந்தநாளுக்கு கவர்மெண்டு வைக்கிற போட்டில 13, 15, 17 வயசுன்னு பிரிச்சு சாதாரண சைக்கிள்ல தான் ஓட்ட விடுவாங்க. எங்க பக்கத்துப் பயலுக கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு எல்லாத்தையும் கழட்டிப் போட்டு, டயர் கல்லு மாதிரி ஆகுற வரைக்கும் காத்தடிச்சுட்டு வருவாய்ங்க. அவங்கள லட்ச ரூபா கார்பன் வண்டியோட நிப்பாட்டுறது அநியாயம். மொதல்ல வண்டியப் பிரிங்க, அப்புறம் ஆளப் பிரிங்க.

அழகர்ரோடு ரைடர்:
மேலூர் அண்ணே சொன்னது மனசுல தச்சுருச்சு, சாதாரண சைக்கிளுக்குத் தனி ரேஸ் உண்டு, என்ட்ரி ஃபீஸ் கிடையாது. லேடீஸ் தனி ஸ்டார்ட், பரிசு ஏ குரூப்புக்கு என்னவோ அதே தான். கியர் வண்டிக்கு ட்ரயல் வச்சு மூணு குரூப். சாதாரண வண்டில பல்சக்கரம் மாத்திட்டு வந்தா விடலாமாண்ணே?

மேலூர்க்காரன்:
விடாதீங்க தம்பி. கழட்டுறது எதுனாலும் கழட்டட்டும், புதுசா ஒண்ணும் மாட்டக் கூடாது. ஸ்டார்ட்டுக்கு முன்னாடி ஒரு மெக்கானிக்க நிப்பாட்டி வண்டிய ஒவ்வொண்ணா பாத்து விடுங்க.