மினிபிரெப்பில் பிளாஸ்மிட் வரவே மாட்டேன் என்கிறது, அவசரம்

தண்டையார்பேட்டை_லேப்:
நாளைக்குள் சார் கையில் டிஎன்ஏ கொடுத்தாக வேண்டும். பாக்டீரியாவை உடைத்து பிளாஸ்மிட்டை, அதாவது அதற்குள் தனியாக நகலெடுக்கும் வளைய டிஎன்ஏவை, பிரித்தெடுக்கிற மினிபிரெப்பை மூன்று முறை போட்டாயிற்று, ஜெல்லில் பட்டை இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. போன மாதம் இதே ஸ்டாக்கில் கொழுகொழுவென்று வந்தது. நான் எதையும் மாற்றவில்லை.

காசிமேடு_செல்வி:
பிளாஸ்மிட் இல்லாத பாக்டீரியாவைக் கொல்லப் போடுகிற மருந்து, ஆம்பிசிலின், பழசாகியிருக்கும். புதுசாகக் கரைத்துப் போடுங்க, தொண்ணூறு சதவீதம் அதுதான்.

பழைய_பிப்பெட்:
தம்பி, இங்கே யாரும் ஜோசியம் பார்ப்பதில்லை. எந்த பிளாஸ்மிட், எந்த பாக்டீரியா ஸ்ட்ரெயின், எத்தனை டிகிரியில் வளர்த்தீர்கள்?

தண்டையார்பேட்டை_லேப்:
சாரி அண்ணா. பியூசி19, டிஎச்5ஆல்பா. ராத்திரி முழுக்க கல்ச்சரை ஆட்டி வளர்க்கிற ஷேக்கரில்.

பழைய_பிப்பெட்:
டிகிரி கேட்டேனே. சரி, ஏன் கேட்டேன் என்று சொல்கிறேன். இந்த பிளாஸ்மிட் நகலெடுக்க ஆர்என்ஏ 2 தான் பிரைமர், அதாவது நகலைத் தொடங்கி வைக்கிற துண்டு. அது சரியாக மடிந்து டிஎன்ஏவில் ஒட்டினால்தான் ஆர்என்ஏஸ் எச் என்கிற நொதி அந்த ஆர்என்ஏவை வெட்டும், நகல் தொடங்கும். எதிர் இழையிலிருந்து வருகிற ஆர்என்ஏ 1, சுமார் 108 எழுத்து, மூன்று கொண்டை ஊசி வளைவு. அதன் நுனிகள் ஆர்என்ஏ 2-வின் நுனிகளோடு முத்தமிட்டால் மடிப்பு கெட்டு, பிரைமர் கிடையாது. பியூசியில் ஆர்என்ஏ 2-வில் ஒரே ஒரு எழுத்து மாற்றம், 37 டிகிரியில் ஆர்என்ஏ 1-இன் இந்தப் பிடி தளர்ந்து பிளாஸ்மிட் நூற்றுக்கணக்கில் பெருகும். 30-க்கு இறக்கினால் பிடி திரும்ப இறுகி நகல் குறைந்துவிடும்.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்:
எழுத்தாவது ஒன்றாவது, பியூசியில் ஆர்என்ஏ 1-க்குத் துணை நிற்கிற ரோப் புரதம் இல்லை, அதனால்தான் நகல் அதிகம்.

பழைய_பிப்பெட்:
பியூசிக்கு மூதாதையான பிபிஆர்322 பிளாஸ்மிட்டில் ரோப்பை மட்டும் எடுத்துப் பாருங்கள், பியூசி அளவுக்கு வராது.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்:
பியூசி இருக்கிற செல்லில் ரோப்பைத் திருப்பிக் கொடுத்தால் அடங்குகிறதே, 1992-லேயே காட்டிவிட்டார்கள். அப்போ நான் சொன்னது தப்பா?

பழைய_பிப்பெட்:
பாதி சரி. ரோப் அந்த முத்தத்தை இறுக்குகிறது, அவ்வளவுதான். படித்துவிட்டு வந்து பேசலாம்.

காசிமேடு_செல்வி:
இரண்டும் சேர்ந்துதான் என்று இருவரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கிறீர்கள். பையன் எங்கே?

தண்டையார்பேட்டை_லேப்:
இப்போதுதான் போய்ப் பார்த்தேன். கரண்ட் போய் வந்தால் ஷேக்கர் தானாக 30.0-க்குப் போய் நிற்கிறது. இந்த வாரம் தினமும் சாயந்திரம் போகிறது. 37 வைத்து, யுபிஎஸ்ஸில் போட்டு, புது கல்ச்சர் வைத்தேன். பட்டை வந்துவிட்டது. நன்றி.

காசிமேடு_செல்வி:
ஆம்பிசிலினையும் மாற்றினீர்களா?