காக்டெயில் கிளி இறந்துவிட்டான், வீட்டில் மண் இல்லை, கையில் காசும் இல்லை. என்ன செய்யலாம்?

மூணாவது_மாடி:

எங்கள் காக்டெயில் கொண்டையன் நேற்று ராத்திரி போய்விட்டான். ஒன்பது வருஷம். இரண்டு நாளாக உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் அடியிலேயே உட்கார்ந்திருந்தான். எக்ஸ்ரே, ஊசி, சொட்டு மருந்து என்று 6,800 ரூபாய் ஆனது, காரணம் உறுதியாகத் தெரியவில்லை என்றார்கள். மாசக் கடைசி, இருந்தது அவ்வளவுதான். இப்போது துணியில் சுற்றி ஷூ டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன், மாமியார் காலையிலிருந்து அந்தப் பக்கமே வரவில்லை.

சென்னையில் அபார்ட்மென்ட், கீழே முழுக்க சிமென்ட் கல். தகனம் செய்து சாம்பல் தரும் ஓரிடத்தில் கேட்டால் வண்டிக்கூலியோடு 4,500 சொல்கிறார்கள், தொண்ணூறு கிராம் பறவைக்கு! "கவர்ல போட்டு குப்பை வண்டில குடுத்துடுங்கம்மா" என்றார் வாட்ச்மேன் அண்ணன். அவர் மேல் தப்பில்லை, என்னால்தான் முடியவில்லை. குக்கர் விசிலை அச்சு அசலாக அடிப்பான், கேட்கும் விசிலில் இரண்டு அவனுடையது என்பதால் மூணு விசில் வேண்டுமென்றால் நான் ஐந்து எண்ணித்தான் அடுப்பை அணைப்பேன். அவனை எப்படிக் கவரில் போடுவது?

கூட இருந்த பெட்டை வேறு விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. செலவில்லாமல், மனசும் உறுத்தாமல் ஏதாவது வழி சொல்லுங்கள்.

மாடித்தோட்டம்77:

பெரிய மண்தொட்டி ஒன்று போதும் அக்கா. ஒன்றரை அடி ஆழமாவது இருக்கட்டும், அடி ஓட்டையை ஓட்டுச் சில்லால் மூடிவிட்டு அடியில் கொஞ்சம் மண், அதன்மேல் பருத்தித் துணியில் சுற்றிய பறவை, மேலே குறைந்தது முக்கால் அடி மண். பிளாஸ்டிக் கவரோடு வைக்காதீர்கள், மக்கவே மக்காது. செம்பருத்தியோ மல்லியோ வைக்கலாம். எங்கள் லவ் பேர்ட்ஸ் இரண்டும் அப்படித்தான் பால்கனியில் இருக்கின்றன. சில மாதங்களுக்காவது அந்தத் தொட்டியைக் கிளறாதீர்கள்.

பழைய_புறாக்காரன்:

வடசென்னையில் இருபது வருஷம் பந்தயப் புறா வளர்த்தவன் நான். கல் உப்பும் மஞ்சளும் போட்டுப் புதைப்பதுதான் எங்கள் வழக்கம், வாடை வராது. கடற்கரை, ஏரிக்கரை என்று மட்டும் போய்விடாதீர்கள். ஒரு தடவை நான் அரையடி தோண்டி மணலில் புதைத்துவிட்டு வந்தேன், மறுநாள் காலை நாய் கிளறி இறகெல்லாம் சிதறிக் கிடந்தது. அதை இன்னும் மறக்க முடியவில்லை.

மாடித்தோட்டம்77:

அண்ணே, தரையில் சரி, தொட்டிக்கு உப்பு வேண்டாம், செடி கருகிவிடும். மஞ்சள் போடலாம்.

இறகுப்பெட்டி:

புதைப்பதற்கு முன் ஒரு விஷயம். காரணம் தெரியவில்லை என்கிறீர்கள், இன்னொரு பறவையும் இருக்கிறது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் பிரேதப் பரிசோதனை செய்வார்கள், போன் போட்டுக் கேளுங்கள். நல்லவேளை ஃப்ரீசரில் வைக்கவில்லை, உறைந்தால் திசு கெட்டுப்போய்ச் சரியாகத் தெரியாது. ஆனால் அறுத்துப் பார்த்த பிறகு உடலைத் திருப்பித் தருவார்களா என்பதையும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அது மனசுக்கு ஒப்பவில்லையென்றால் பெட்டையின் எச்சத்தையாவது டாக்டரிடம் கொடுத்துப் பாருங்கள். கிளி இனத்துக்கு வரும் சிட்டகோசிஸ் மனிதருக்கும் தொற்றும், காய்ந்த எச்சத்தூள் மூக்கில் போனாலே போதும். அதனால் கூண்டை வறட்டுத் துடைப்பத்தால் பெருக்காமல், தண்ணீர் தெளித்து, மாஸ்க்கும் கையுறையும் போட்டுத் துடையுங்கள். அப்புறம், சமையலறைப் பக்கம் கூண்டு இருந்ததா? நான்ஸ்டிக் தவா காலியாகக் காய்ந்தால் வரும் புகையில் பறவை நிமிஷங்களில் செத்துவிடும். உங்கள் கதை இரண்டு நாள் இழுத்ததால் அது இல்லையென்றே நினைக்கிறேன், இருந்தாலும் பெட்டைக்காகச் சொல்கிறேன்.

கீச்கீச்:

நான் காசு கொடுத்துத் தகனம் செய்தவள். வந்த சாம்பல் ஒரு டீஸ்பூன்கூட இல்லை. வருத்தமில்லை, அன்று என்னிடம் காசு இருந்தது, அவ்வளவுதான். நீங்கள் கடன் வாங்கிச் செய்யாதீர்கள். தகனம்தான் வேண்டுமென்றால் வேளச்சேரி மெயின் ரோட்டில் இருக்கும் ப்ளூ கிராஸ் விலங்கு நல அமைப்பிலும் தகன வசதி உண்டு, பறவைக்கு என்ன கட்டணம் என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். முடிந்தால் பெட்டைக்கு அவனை ஒரு தடவை காட்டுங்கள், தொற்று இருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்பட்டால் மட்டும் வேண்டாம். காட்டிய பிறகு எங்கள் வீட்டில் கூப்பிடுவது குறைந்தது, எல்லாப் பறவைக்கும் அப்படியா தெரியாது.

மூணாவது_மாடி:

எல்லோருக்கும் நன்றி. அறுக்கக் கொடுக்க மனசு வரவில்லை. பெட்டையின் எச்சத்தைச் சோதனைக்குக் கொடுத்திருக்கிறேன், முடிவு வரட்டும் என்று அவனை அதற்குக் காட்டவில்லை. நர்சரியில் தொட்டியும் மண்ணும் செம்பருத்தியும் சேர்த்து 430 ரூபாய். மஞ்சள் மட்டும் போட்டோம், அதைக் கொண்டுவந்து கொடுத்தது மாமியார்தான். கொண்டையில் ஒரு இறகை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

இன்றைக்குப் பழக்கதோஷத்தில் ஐந்து விசில் எண்ணி அணைத்தேன், பருப்பு கூழாகிவிட்டது.