கேப்ஷன் இருந்தா புரியுது, எடுத்தா ஒண்ணுமே புரியல: லிசனிங் வகுப்புக்கு உதவி தேவை

அவசரக்குடுக்கை:
இங்கிலீஷ் லிசனிங் வகுப்புக்கு கேப்ஷனோட வீடியோ போட்டுக்கிட்டு வரேன். கேள்வி கேட்டா டக்குனு பதில் வருது. டெஸ்ட்ல வெறும் ஆடியோ வந்தா பாதிப் பேர் தாளைக் காலியா வைக்கிறாங்க. கேப்ஷனை அடியோட நிறுத்திடலாமா? அடுத்த வாரம் மறுபடி டெஸ்ட். சீக்கிரம் சொல்லுங்க.

செவிவழி:
மாணவர்கள் எந்த நிலை? கேப்ஷன் ஆங்கிலத்திலா, தமிழிலா? க்ளிப் எவ்வளவு நீளம், எத்தனை முறை ஓடுகிறது?

வேகத்தடை:
ஸ்பீடுதான் பிரச்சினை. 0.75ல வைங்க, சரியாயிடும்.

ஒலிப்பான்:
வேகத்தைக் குறைத்தால் ஒலி இழுபடும், அவ்வளவுதான். விழுங்கிய ஒலி திரும்பி வராது. பேசுபவர் 'நெக்ஸ்ட் டே'யை 'நெக்ஸ் டே' என்று சொல்லியிருந்தால், எந்த வேகத்தில் போட்டாலும் அந்த 'ட்' கிடைக்காது. 'டிட் யூ'வை 'டிஜூ' என்று கேட்டுப் பழகாத காது 0.5லும் தடுமாறும்.

பழைய_டஸ்டர்:
தேடல் பெட்டி என்று ஒன்று மேலே இருக்கிறது, யாரும் தொடுவதில்லை. உங்கள் வகுப்பில் நடப்பது வாசிப்புப் பயிற்சி, பின்னணியில் சத்தத்தோடு. கேள்விகளைக் கேப்ஷனில் உள்ள அதே சொற்களால் கேட்டிருப்பீர்கள், மாணவர்கள் கண்ணால் பொருத்திவிட்டார்கள். சந்தேகமிருந்தால் ஒலியை அணைத்துவிட்டு அதே கேள்விகளைக் கேளுங்கள். அப்போதும் பதில் வந்தால் அது லிசனிங் கேள்வியே அல்ல.

அவசரக்குடுக்கை:
சாரி. இடைநிலை மாணவர்கள். ஆங்கில கேப்ஷன், யூடியூப்ல தானா வர்றது. 8 நிமிஷம், ஒரே ஓட்டம்.

செவிவழி:
8 நிமிடம் ஒரே ஓட்டமா! 90 விநாடி போதும். எதையும் நிறுத்துவதற்கு முன்னால், கோளாறு எங்கே என்று பாருங்கள். 20 விநாடித் துண்டு ஒன்றை எடுத்து, கேப்ஷன் இல்லாமல் மூன்று முறை போட்டு, காதில் விழுந்ததை எழுதச் சொல்லுங்கள். பிறகு வசனத்தை அச்சில் கொடுங்கள். விட்டுப்போன ஒவ்வொரு சொல்லையும் பார்த்து, 'இது முன்பே தெரியுமா' என்று அவர்களே குறிக்கட்டும். தாளில் தெரிந்து காதில் பிடிபடாத சொல் என்றால் ஒலிப் பிரச்சினை. தாளிலேயே தெரியாது என்றால் சொல்வளப் பிரச்சினை, அதற்குக் கேப்ஷனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

ஒலிப் பிரச்சினை என்றால் வரிசையை மாற்றுங்கள். முதல் ஓட்டம் கேப்ஷன் இல்லாமல், பொதுவாக ஒரே ஒரு கேள்வி. அடுத்து 8, 10 விநாடித் துண்டுகளாக நிறுத்தி எழுதவிடுங்கள். மூன்றாம் முறை, தவறிய துண்டுகளுக்கு மட்டும் கேப்ஷன். கடைசி ஓட்டத்தில் திரையை மறைத்து ஒலி மட்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். டெஸ்டில் படம் கிடையாதே, உதட்டசைவும் முகபாவமும் அங்கே துணைக்கு வராது.

வரிவடிவம்:
தானாக வரும் கேப்ஷனை அப்படியே நம்ப வேண்டாம். ஆட்களின் பெயர், எண், விழுங்கிப் பேசும் இடம், இந்த மூன்றிலும் அடிக்கடி சறுக்கும். அதை விடையாகக் காட்டினால் சரியாகக் கேட்ட மாணவனுக்குத்தான் தண்டனை. கேப்ஷன் கோப்பை இறக்கி, சப்டைட்டில் எடிட் என்ற மென்பொருளில் திறந்து திருத்திவிடுங்கள். எஸ்ஆர்டி (.srt) வகைக் கேப்ஷன் கோப்பில், நேரம் குறிக்கும் வரியில் மில்லிவிநாடிக்கு முன் காற்புள்ளி வரவேண்டும், புள்ளி வைத்தால் சில பிளேயர்கள் அந்த வரியைக் காட்டாது.

இன்னொன்று: மனிதர் போட்ட கேப்ஷனில் முழு வரியும் ஒரேயடியாக வந்து நிற்கும். பேசி முடிப்பதற்குள் கண் படித்துவிடும், காது ஓய்வெடுக்கும். விஎல்சி வீடியோ பிளேயரில், விண்டோஸ் என்றால், எச் பட்டனை ஒருமுறை தட்டினால் எழுத்து 50 மில்லிவிநாடி தாமதமாகும். 30 தட்டு, ஒன்றரை விநாடி. முதலில் காது, பிறகு கண். அதிகமாகிவிட்டால் ஜி பட்டன் தாமதத்தைக் குறைக்கும்.

ஒலிப்பான்:
தாமதித்த கேப்ஷன் அடுத்த வாக்கியத்தின் மேல் ஏறி உட்காரும். ஒன்றைக் கேட்டுக்கொண்டே வேறொன்றைப் படிப்பது இரட்டைச் சுமை. அதற்குப் பதில் வி பட்டனால் கேப்ஷனை அணைத்துவிட்டு அதே துண்டை மறுபடி ஓட்டலாம்.

வரிவடிவம்:
இடைவெளி விட்டுப் பேசும் நேர்காணலில் ஏறாது. மூச்சுவிடாத உரையாடலில் ஏறும், ஒப்புக்கொள்கிறேன்.

வேகத்தடை:
இவ்வளவு சிரமம் எதுக்கு? தமிழ் சப்டைட்டில் போட்டா பயம் போயிடும்ல?

பழைய_டஸ்டர்:
மிட்டரர், மக்குவீன் இருவரும் டச்சு மாணவர்களை வைத்து 2009இல் வெளியிட்ட ஆய்வைப் படியுங்கள். பழக்கமில்லாத ஆங்கில உச்சரிப்புக்குக் காது பழக ஆங்கில எழுத்து உதவியது, தாய்மொழி எழுத்து கெடுத்தது.

செவிவழி:
ஐயா, அதில் அளந்தது கேட்டதைத் திருப்பிச் சொல்லும் திறனை. கதை புரிந்ததா என்பது வேறு கேள்வி. தொடக்க நிலையில் கதையை முன்கூட்டி விளங்கவைக்கத் தமிழ் கைகொடுக்கும்.

பழைய_டஸ்டர்:
கேட்டவர் இடைநிலை என்று சொல்லிவிட்டார். கதை சொல்ல ஆசிரியர் இருக்கிறாரே, சப்டைட்டில் எதற்கு?

வேகத்தடை:
ரெண்டு பேரும் தனி இழை போட்டுப் பேசுங்க சார்.

அவசரக்குடுக்கை:
20 விநாடித் துண்டு போட்டுப் பார்த்தேன். ஒரு பையன் விட்டது 14 சொல், அதுல 11 அவனுக்குத் தெரிஞ்சதுதான். ஒலியை அணைச்சும் கேட்டேன், டஸ்டர் சார் சொன்னது சரி. எச் பட்டன் வேலை செய்யல, மேக். நன்றி.

வரிவடிவம்:
மேக்கில் பட்டன் வேறு, விஎல்சி அமைப்பில் ஹாட்கீ (குறுக்குவழி பட்டன்) பட்டியலைப் பாருங்கள். அந்த 11 சொல்லையும் இங்கே போட முடியுமா?

செவிவழி:
போடுங்கள், எல்லாம் 'டிட் யூ' போல இரண்டு சொல் சேர்ந்து ஒலி மாறும் இடமா என்று பார்த்துவிடலாம்.

வரிவடிவம்:
ஆள் இருக்கிறாரா?