தேயிலைக் கொழுந்தை வெள்ளியில் வார்ப்பதா, தகட்டில் அடித்துச் செய்வதா?

மஸ்கெலியாச்சாரல்:
வணக்கம். செம்பிலும் வெள்ளியிலும் நகை செய்யப் பழகி வருகிறேன். கடைகளில் வரிசையாகத் தொங்கும் நகை இல்லை, ஒவ்வொன்றாகக் கையால் செய்யும் கலைநகை. இரண்டு இலையும் நடுவில் அரும்புமாகத் தேயிலைக் கொழுந்தை வைத்து, சேலையில் குத்த ஒரு புரூச் செய்ய ஆசை. அம்மா இன்னும் மலைக்குப் போய்க் கொழுந்து எடுக்கிறவர். முதல் நகை அவருக்குத்தான்.

நிஜ இலையையே அச்சுக்குள் வைத்து எரித்து, அந்த வெற்றிடத்தில் வெள்ளி ஊற்றுவதைக் காணொளிகளில் பார்த்தேன். நரம்பு முதற்கொண்டு அப்படியே விழுகிறது. ஆனால் அப்படி வார்த்தால் அதில் என் கை எங்கே இருக்கிறது என்று மனது கேட்கிறது. இரண்டு விதமாகவும் செய்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

ஊவாக்காற்று:
விற்கிற எண்ணமும் இருந்தால் வார்ப்பையே பாருங்கள். எல்ல என்ற ஊர்ப் பக்கம் வருகிற வெளிநாட்டவர், நிஜ இலையிலிருந்து வந்தது என்றால் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். இன்னொரு வழியும் உண்டு: இலைக்கு மின்சாரம் கடத்தும் பூச்சு பூசி, மின்முலாம் கரைசலில் தொங்கவிட்டுச் செம்பு படியவிடுவது. நேரம் பிடிக்கும், அமிலத்தோடு கவனமாக இருக்க வேண்டும்.

வெங்காரம்:
தங்கச்சி, ஹட்டனில் அப்பாவின் பட்டறையில் வளர்ந்தவள் நான். இரண்டு வேலையும் செய்கிறேன்.

கொழுந்து இலை மெல்லியது. அப்படியே வார்த்தால் வெள்ளி நுனிவரை ஓடுவதற்குள் உறைந்துவிடும். அதனால் பின்பக்கம் மெழுகு பூசித் தடிப்பாக்குவார்கள். அந்தப் பக்கத்து நரம்பு போய்விடும், எடையும் ஏறும். மெல்லிய சேலையில் குத்தினால் துணி இழுபடும். காய்க்கும் விதைக்கும் வார்ப்பு அருமையானது. காய்ந்த தேயிலைக்காயின் மூன்று புடைப்பும் வெள்ளியில் அவ்வளவு அழகாக வரும். சாம்பல் உள்ளே தங்காமல் பார்த்துக்கொண்டால் போதும், தங்கினால் நகையில் குழி விழும்.

கொழுந்துக்கு அடித்துச் செய்வதைத்தான் சொல்வேன். சார்ல்ஸ் லூட்டன்-பிரெய்ன் என்ற கனடாக் கலைஞர் 1980களில் வளர்த்தெடுத்த மடிப்பு முறை ஒன்று இருக்கிறது. அரை மில்லிமீற்றர் செம்புத் தகட்டை இரண்டாக மடித்து, மடிப்பு ஒரு பக்கம் இருக்கும்படி அரை இலையாக வெட்டுங்கள். மடிப்பு ஓரமாகச் சுத்தியலால் அடித்துக்கொண்டே போனால் அந்த ஓரம் நீண்டு, தகடு தானாக வளையும். இறுகியதும் மங்கிய சிவப்பு வரக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு, மெல்லிய கத்தி முனையால் மடிப்பைத் திறவுங்கள். நடுநரம்பு முதுகுபோல எழுந்து நிற்க, இலை ஒருபக்கம் சாய்ந்து விரியும். கறுப்பைப் புளித்தண்ணீர் எடுத்துவிடும். இதில் உங்கள் கை எங்கே என்று கேட்கவே தேவையில்லை, ஒவ்வொரு அடியும் தெரியும்.

எந்த இலையைச் செய்வது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயம். மாங்காய் மாலை, மல்லிகைமொட்டு மாலை என்று நம் நகையில் இயற்கை எப்போதோ வந்துவிட்டது. அங்கே எல்லா மாங்காயும் ஒரே வளைவு, வரிசைதான் அழகு. நமக்கு வேறொன்று செய்ய இடம் இருக்கிறது: ஒரே ஒரு இலையை அதன் வடுவோடு பார்ப்பது. 1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோய் மழையும் பனிமூட்டமுமான மாதங்களில் இளம் இலையைத்தான் பிடிக்கும். நோய் விழுந்த இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். மேற்பக்கம் வட்டமான குழி, அடியில் வெள்ளை பூத்த புடைப்பு. தகட்டை அரக்கில் ஒட்டி, உருண்டை முனை உளியால் தட்டினால் வருவது அதே வடிவம்தான். நம் பத்தர்மார் தலைமுறை தலைமுறையாகச் செய்யும் நகாசு வேலை. கழித்துப் போடும் அந்த இலையை ஒரு நகையாகப் பார்க்க எனக்கு அவ்வளவு ஆசை.

செம்பிலா நகை என்று யாராவது கேட்டால் பிரெஞ்சு நகைக் கலைஞர் லலீக்கைச் சொல்லுங்கள். 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் கண்காட்சிக் காலத்தில் கொம்பு, கண்ணாடி, எனாமல் எல்லாம் வைத்துத் தும்பியும் குளவியும் செய்தவர். அவருடைய 'தும்பிப் பெண்' என்ற நகை இன்று லிஸ்பனில், குல்பென்கியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

கொழுந்து முடிந்ததும் மரப்பன்னத்தின் (மரம்போல் உயரும் பெரணி) இளஞ்சுருளைச் செய்து பாருங்கள். கம்பியின் ஒரு ஓரத்தை மட்டும் அடித்தால் அதுவே சுருண்டு கொடுக்கும்.

பன்னக்காதலன்:
மரப்பன்னம் என்றதும் ஒரு வார்த்தை. ஹோர்ட்டன் சமவெளி தேசியப் பூங்கா, அங்கிருந்து இலையோ பாசியோ எதையும் பறிக்கக் கூடாது. ஹக்கலைத் தாவரவியல் பூங்காவுக்குப் போங்கள். 1861இல் சின்கோனா (மலேரியா மருந்தான கொயினா கிடைக்கும் மரம்) வளர்க்கத் தொடங்கிய இடம், இப்போது பன்னங்களுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பறிக்காமல் கொப்பியில் வரைந்து கொண்டு வாருங்கள்.

மஸ்கெலியாச்சாரல்:
வெங்காரம் அக்கா, மிக்க நன்றி. கொப்புள இலை என்று அம்மாவிடம் சொன்னேன். "அதையா போட்டுக்கிட்டுத் திரியச் சொல்ற?" என்று கேட்டார். அப்புறம் அவரே நாலைந்து இலை கொண்டு வந்து, எது நல்ல கொப்புளம் என்று காட்டினார். கட்டாயம் செய்கிறேன். அரும்பை எப்படிச் செய்வது? அதன் மேலுள்ள வெள்ளை மயிர் வராவிட்டால் அது அரும்பே இல்லை என்கிறார்.

வெங்காரம்:
அம்மா சொல்வது சரி. அரும்பை வெள்ளியில் செய்யுங்கள். மெல்லிய தகட்டைக் கூம்பாகச் சுருட்டி, நுண்ணிய மணற்தாளால் அடியிலிருந்து நுனிக்கு ஒரே திசையில் தேயுங்கள். பளபளப்பு ஏற்ற வேண்டாம். அந்தக் கீறல்கள்தான் மயிர்.

என் பெயருக்குரிய வெங்காரத்தைப் பூசி அரும்பையும் இலையையும் பற்றவைக்கும்போது, குறைந்த சூட்டில் உருகும் பொடியாக (இணைக்கும் உலோகக் கலவை) பாருங்கள். செம்பும் வெள்ளியும் தொடும் இடம் 780 பாகை செல்சியஸ் அளவில் தானே உருகத் தொடங்கும். பிறகு அவித்த முட்டை மஞ்சட்கருவோடு மூடிய போத்தலில் வையுங்கள். எல்லாம் கறுக்கும். அரும்பையும் கொப்புள முதுகையும் மட்டும் தேய்த்து எடுங்கள்.

உருக்கு ஊசியைக் கடைசியில், சூடு காட்டாமல் மாட்டுங்கள், காய்ச்சினால் விறைப்புப் போய்விடும். நடுவுக்குச் சற்று மேலே வைத்தால் புரூச் முன்பக்கம் கவிழாது.