ஜப்பானின் 17ஆம் நூற்றாண்டு இளவரசி சென்ஹிமேயை எங்கே பார்த்தீர்கள்? உங்கள் அனுபவம்

மழைக்குருவி:
ஜப்பானில், அவர் வாழ்ந்த ஹிமேஜி கோட்டையில் எல்லாரும் பெரிய கோபுரத்துக்குத்தான் ஓடுவார்கள். நாங்கள் முதலில் மேற்கு வளாகத்துக்குப் போனோம். காலணியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு அந்த நீண்ட மர நடைகூடத்தில் நடந்தால், கடைசியில் அலங்கார மாடம். உள்ளே பாயில் சென்ஹிமே பொம்மை, கூடவே மகள் பொம்மை, நடுவில் கிளிஞ்சல்கள். ஒரே சிப்பியின் இரண்டு பாதிகளைத் தேடிச் சேர்க்கிற விளையாட்டு.

என் மகளுக்கு 7 வயது. "இவங்களுக்கு எப்போ கல்யாணம் ஆச்சு?" என்றாள். உன் வயசில் என்றேன். 1603, தொயோதோமி ஹிதேயோரியோடு. மாமியார் வேறு யாருமில்லை, சொந்தப் பெரியம்மா. 1615இல் ஹிதேயோரியின் ஒசாகா கோட்டை விழுந்தபோது சென்ஹிமே வெளியே வந்துவிட்டார். கணவனும் மாமியாரும் உள்ளேயே உயிரை மாய்த்துக்கொண்டார்கள். "யாரும்மா சண்டைக்கு வந்தது?" "அவங்க தாத்தாதான்." அந்தத் தாத்தா முதல் தொக்குகாவா ஷோகுன் (ராணுவ ஆட்சியாளர்) இயேயாசு என்பதை அவளிடம் சொல்லவில்லை. கிளிஞ்சல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பும்போது ரயிலில், தாத்தாவுக்குப் போன் போடு என்றாள். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று இன்னும் உறுத்துகிறது.

கடலோடி:
சொன்னதில் தப்பில்லை. ஆனால் அந்த மாடத்தைச் சோகத்தோடு சேர்க்காதீர்கள். இரண்டாவதாக ஹோண்டா தாதாதோக்கியை மணந்து ஹிமேஜிக்கு வந்த முதல் சில வருடங்கள்தான் அவருக்கு நிம்மதியானவை. மகன் சின்ன வயதிலேயே போனது, 1626இல் கணவர் போனது எல்லாம் அப்புறம்தான். ஒசாகாவிலிருந்து காப்பாற்றியவருக்கே பேத்தியைத் தருவதாக இயேயாசு வாக்குக் கொடுத்தார் என்கிறார்களே, அது உறுதியான விஷயமில்லை. தயவுசெய்து யாரும் அதை இங்கே கொண்டு வராதீர்கள்.

நான் சென்ஹிமேயைச் சந்தித்தது கமகுரா நகரில், தோக்கெய்ஜி கோயிலில். ஹிதேயோரிக்கு இன்னொரு மனைவியிடம் பிறந்த பிள்ளைகளில் பையனை 8 வயதில் தலையை வெட்டினார்கள். பெண் குழந்தையைச் சென்ஹிமே தன் மகளாக ஏற்றுக்கொண்டதால் அது தப்பியது. துறவியாகி, அந்தக் கோயிலுக்கே தலைவி ஆனது. கணவனிடமிருந்து ஓடிவந்த பெண்களுக்கு விடுதலை வாங்கித் தந்த கோயில் அது. தென்ஷூ என்ற அந்தத் துறவியின் கல்லறையில் கை வைத்தேன். பாசி, ஈரம். சக்களத்தி மகள் என்று அவர் விட்டிருக்கலாம், விடவில்லை.

வேப்பமரத்தடி:
இனி ஹிமேஜி கோட்டைக்குப் போகிறவர்களுக்கு: காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். தடித்த காலுறை கட்டாயம், குளிர்காலத்தில் அந்த மரத்தரை பாதத்தைக் கடிக்கும். படிகள் செங்குத்து, வயதானவர்களைப் பெரிய கோபுரத்துக்குக் கூட்டிப் போக வேண்டாம். மேற்கு வளாகம் அவர்களுக்குப் போதும். நடைகூடத்தின் அறைகளையும் விடாதீர்கள், பணிப்பெண்கள் இருந்த இடம். குழந்தைகளுக்கு முந்தைய நாளே கதையைச் சொல்லிவிடுங்கள், அங்கே நின்றுகொண்டு தடுமாற வேண்டியிருக்காது. நேரம் இருந்தால் ஒத்தோகோயாமா குன்றுக்கும் ஏறுங்கள். சென்ஹிமே 1623இல் கட்டிய கோயில் அங்கே இருக்கிறது.

கோட்டையிலிருந்தே தினமும் காலையில் அந்தக் குன்றைப் பார்த்துக் கும்பிடுவாராம். நானும் ஜன்னலில் தேடினேன். எந்த மேடு என்று பிடிபடவில்லை, மேற்கே மரங்கள்தான் தெரிந்தன. கும்பிட்டுவிட்டு வந்தேன்.