ஹெத்தேக்கும் ஒரு சதுப்புக்கும் சேர்த்து ஒரே துணியில் தைக்கலாமா?

கோத்தகிரிப் பெண்:
போன தையில் எங்கள் ஹெத்தே, அதாவது பாட்டி, இறந்துவிட்டார். வீட்டுக்குக் கீழே ஒரு சதுப்பு இருந்தது, சின்ன வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போவேன், கால் வைத்தால் சொதக்கென்று உள்ளே இறங்கும். இப்போது அது கேரட் தோட்டம். இரண்டு இழப்பையும் ஒரே துணியில் தைத்து வைக்க மனசு கிடந்து தவிக்கிறது. வெள்ளை மேட்டியும் (இழை எண்ணித் தைக்கிற துளைத் துணி) சிவப்பு, கறுப்புக் கம்பளி நூலும் வாங்கிவிட்டேன். நான் படுகப் பெண். நீலகிரித் தோடர்களின் பூவேலைச் சால்வையான பூத்துக்குளி மாதிரி தைக்கலாமா?

இழையெண்ணி:
பூத்துக்குளி வெறும் அலங்காரச் சால்வை இல்லைம்மா. விசேஷத்துக்குப் போர்த்துகிற அதே பூவேலைத் துணியில்தான் இறந்தவரையும் சுற்றி அனுப்புகிறார்கள். மேற்கே இருக்கும் மூதாதையர் உலகத்துக்குப் போகிறவருக்கு அதுதான் கடைசி உடை. 2013இல் அந்தத் தையலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதனால் அந்தக் கோலங்களை அப்படியே எடுத்துத் தைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் கைமுறையைக் கற்றுக்கொள்ளலாம். அவர்கள் துணியில் எதையும் வரைந்துகொள்வதில்லை, துணியை இறுக்கிப் பிடிக்க வளையம் மாட்டுவதில்லை, விரலால் இழையைத் தடவி எண்ணிக்கொண்டே ஊசியை ஓட்டுவார்கள். ஒரு பக்கம் நூலைக் கொஞ்சம் தளர விடுவதால் அங்கே பூ மேடு தட்டி நிற்கும், அதைத்தான் நல்ல பக்கம் என்று வெளியே தெரியப் போர்த்துவார்கள்.

சோலைக்குருவி:
சதுப்பு பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தோடர் கோயிலுக்குக் கூரை வேய்கிற புல் அந்த மாதிரி ஈர நிலத்தில்தான் வளரும். எரியோக்ரைசிஸ் ரங்காச்சாரி என்று பெயர், நீலகிரிக்கே உரிய புல். வெள்ளைக்காரர் காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) புல்வெளியை மூடின, பைக்காரா, எமரால்டு என்று மின்சாரத்துக்குக் கட்டிய அணைகளில் கொஞ்சம் முழுகியது, மிச்சத்தில் தேயிலையும் காய்கறியும் ஏறின. இறந்தவரைப் போர்த்தத் துணி இருக்கிறது, கோயிலைப் போர்த்தும் புல்லுக்குத்தான் தேடி அலைய வேண்டியிருக்கிறது. அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். ஒரு யோசனை: சதுப்பைப் பச்சை நூலால் நிரப்பாதீர்கள். அந்த இடத்தில் மட்டும் குறுக்கே ஓடும் ஊடு இழைகளை உருவி எடுத்துவிடுங்கள், நெடுக்கே ஓடும் பாவு இழை மட்டும் நிற்கட்டும். சுற்றிலும் எண்ணித் தையுங்கள்.

கோத்தகிரிப் பெண்:
படித்துவிட்டு அழுதேன். ராத்திரியே பெட்டியைத் திறந்தேன், ஹெத்தே உடுத்திய வெள்ளை முண்டு ஒன்று இருக்கிறது, ஓரத்தில் தேயிலைக் கறையோடு. அதில்தான் தைக்கப் போகிறேன், தோடர் கோலம் வேண்டாம். ஆனால் துணி ரொம்ப மெல்லிசு, இழை கண்ணுக்கே தெரியவில்லை. அப்புறம், அவர் துணியில் இழை உருவ எனக்கு மனசு வரவில்லை அண்ணா.

இழையெண்ணி:
சரி, உருவ வேண்டாம். சதுப்பு இருந்த இடத்தில் தைக்காமல் விட்டுவிடுங்கள், அந்தக் கறை உள்ளே வருகிற மாதிரி. இழை எண்ண ஒரு வழி இருக்கிறது. வாங்கிய மேட்டியை முண்டின்மேல் வைத்து நூலோட்டி இறுக்குங்கள், மேட்டியின் துளைகளை எண்ணி இரண்டையும் சேர்த்துத் தையுங்கள், முடிந்ததும் மேட்டி இழைகளை ஒவ்வொன்றாக உருவிவிடலாம். ஊசி மேட்டி இழையைக் குத்தவே கூடாது, குத்தினால் உருவ வராது. கம்பளி நூல் மெல்லிய துணியை இழுத்துச் சுருக்கிவிடும், பருத்தி நூலே எடுங்கள். முதலில் ஒரு பழைய வேட்டித் துண்டில் நாலு வரிசை தைத்துப் பார்த்துவிட்டு முண்டில் கை வையுங்கள்.